நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பது யார் வேலை? வார்டில் அட்டெண்டர் தலையில் விழும் நர்ஸ் பணி... ஆபத்து எங்கே?

இரவு பதினொரு மணிக்கு எந்த அரசு மருத்துவமனையின் பொது மருத்துவ வார்டுக்குள் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். பக்கவாதம் வந்து படுத்திருக்கும் ஒரு பெரியவர். மூக்கில் டியூப், கட்டிலோரம் சிறுநீர்ப் பை, கையில் டிரிப்ஸ். கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து மகளோ மருமகளோ. "சிஸ்டர், பாட்டில் முடிஞ்சிருச்சு" என்று ஒரு மூலையிலிருந்து குரல். "இதோ வரேம்மா" என்று இன்னொரு மூலையிலிருந்து பதில்.

டியூபில் கஞ்சி ஊற்றுவது, பெட் பேன் வைப்பது, உடம்பு துடைப்பது, சிறுநீர்ப் பையைக் காலி செய்வது, திருப்பிப் படுக்க வைப்பது எல்லாம் பாயில் படுத்திருக்கும் அந்தப் பெண்ணின் பொறுப்பு. அவருக்கு இதை யாரும் முறையாகச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். பக்கத்துக் கட்டில் அட்டெண்டரைப் பார்த்துத்தான் பெரும்பாலும் கற்றுக்கொண்டிருப்பார்.

செவிலியர்கள் போராட்டம் நடத்தும்போதெல்லாம் சம்பளம், பணி நிரந்தரம் என்ற இரண்டு வார்த்தைகள்தான் செய்தியாகின்றன. இரண்டும் நியாயமான பேச்சுதான். ஆனால் வார்டில் நர்ஸ் எண்ணிக்கை குறைந்தால் நோயாளியின் உடம்பில் என்ன நடக்கும் என்ற கேள்வி அந்தப் பரபரப்பில் காணாமல் போய்விடுகிறது. அதை விளக்குவதே இந்தக் கட்டுரை.

படுக்கையோரச் செவிலியர் பணி என்றால் என்ன?

நர்ஸ் வேலை என்றதும் பலருக்கு ஊசி போடுவது மட்டும்தான் நினைவுக்கு வரும். ஆனால் மூன்று ஆண்டு டிப்ளமோவோ நான்கு ஆண்டு பி.எஸ்சி. நர்சிங்கோ படிப்பவர்களுக்கு முதலில் சொல்லித் தரப்படுவது வேறு. கை கழுவுவது, படுக்கை விரிப்பது, படுத்த நிலையிலேயே குளிப்பாட்டுவது, வாய் சுத்தம் செய்வது, திருப்பிப் படுக்க வைப்பது, உணவு ஊட்டுவது, காய்ச்சல், நாடி, மூச்சு, ரத்த அழுத்தம் பார்த்துக் குறித்துவைப்பது. இவைதான் அடிப்படை.

கேட்டால் 'இதெல்லாம் ஒரு படிப்பா, வீட்டில் நாமே செய்வதுதானே' என்று தோன்றும். இங்கேதான் சிக்கல். ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை உண்டு, அந்த முறைக்கு ஒரு காரணம் உண்டு. முறை தெரியாமல் அன்போடு செய்தாலும் நோயாளிக்குக் கெடுதலில் போய் முடியலாம்.

இரண்டு மணி நேரக் கணக்கு எதற்கு?

நாம் தூங்கும்போது நமக்கே தெரியாமல் பலமுறை புரண்டு படுக்கிறோம். ஒரே பக்கம் அழுந்தினால் வலிக்கும், மூளை உடனே உடம்பைத் திருப்பிவிடும். பக்கவாதம் வந்தவருக்கும், மயக்கத்தில் இருப்பவருக்கும், தண்டுவடத்தில் அடிபட்டவருக்கும் அந்த வசதி இல்லை. வலி தெரியாது, அல்லது தெரிந்தாலும் திரும்ப முடியாது.

எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும் சதையில் ரத்தக் குழாய்கள் நசுங்குகின்றன. ரத்தம் போகாத இடத்தில் சில மணி நேரத்திலேயே திசுக்கள் சாகத் தொடங்கும். இடுப்புக்குக் கீழே முதுகு முடியும் இடம், குதிகால், இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, தோள்பட்டை, பின்மண்டை, முழங்கை ஆகியவை அதிகம் பாதிக்கப்படும் இடங்கள். இதைத்தான் படுக்கைப் புண் என்கிறோம். 'பெட் சோர்' என்றால் வார்டில் எல்லோருக்கும் புரியும்.

இந்தப் புண்ணின் மோசமான குணம், பல நேரங்களில் அது உள்ளே எலும்புக்குப் பக்கத்தில் தொடங்குவதுதான். மேலே சின்னதாகச் சிவந்திருக்கும்போது அடியில் சேதம் பெரிதாக இருக்கலாம். மருத்துவர்கள் இதை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். முதல் நிலையில் தோல் சிவந்திருக்கும், உடையாது. நான்காவது நிலையில் எலும்பே தெரியும். அங்கிருந்து கிருமி ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. பக்கவாதத்தில் பிழைத்தவர் படுக்கைப் புண்ணால் இறந்துபோவது இப்படித்தான்.

முதல் நிலையிலேயே பிடித்துவிட்டால் காப்பாற்றிவிடலாம். அதற்கு ஓர் எளிய சோதனை இருக்கிறது. சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுக்க வேண்டும். வெளுத்து மறுபடி சிவந்தால் ரத்த ஓட்டம் இருக்கிறது என்று அர்த்தம். வெளுக்காமல் அப்படியே இருந்தால் புண் தொடங்கிவிட்டது. நம் ஊரில் இதில் இன்னொரு சிரமம் உண்டு. கறுத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. எனவே அந்த இடம் சுற்றியுள்ள தோலைவிடச் சூடாக, கெட்டியாக, வீங்கினாற்போல இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும்.

இதைத் தவிர்க்கத்தான் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பும் வழக்கம் வந்தது. திருப்புவதிலும் விஷயம் இருக்கிறது.

முதலாவது, நோயாளியை இழுக்கக்கூடாது. கட்டிலின் கீழ்ப்பக்கம் சரிந்துவிட்டவரைக் கக்கத்தில் கைவிட்டு மேலே இழுப்பதை எல்லா வார்டிலும் பார்க்கலாம். அப்போது தோல் படுக்கையோடு ஒட்டிக்கொள்ள, உள்ளே எலும்பு மட்டும் நகரும். நடுவில் ரத்தக் குழாய்கள் கிழிகின்றன. இடுப்புக்கு அடியில் மடித்த துணி ஒன்றைக் குறுக்கே விரித்து, இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி நகர்த்துவதுதான் சரி.

இரண்டாவது, பக்கவாட்டில் முழுசாகத் திருப்பினால் மொத்த எடையும் இடுப்பெலும்பில் விழும். சுமார் 30 டிகிரி சாய்த்து, முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே ஒன்று வைக்க வேண்டும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை கொடுத்துக் குதிகால் படுக்கையில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, சிவந்த இடத்தைத் தேய்க்கக்கூடாது. தேங்காய் எண்ணெயோ ஸ்பிரிட்டோ போட்டு நன்றாகத் தேய்த்து, மேலே பவுடர் கொட்டுவது பல வீடுகளில் இன்றும் நடக்கிறது. ஒரு காலத்தில் மருத்துவமனைகளிலேயே செய்ததுதான். ஏற்கெனவே நசுங்கிய திசுவைத் தேய்த்தால் சேதம் கூடும் என்பதால் இப்போது அதைச் செய்ய வேண்டாம் என்கிறார்கள். நடுவில் ஓட்டை உள்ள காற்று வளையமும் அப்படியே. ஓட்டையைச் சுற்றி அழுத்தம் கூடி, புண் வரும் இடத்துக்கு ரத்தம் போவதைத் தடுத்துவிடும்.

ஏர் பெட் வாங்கிப் போட்டாச்சு, இனி திருப்ப வேண்டாம் என்று நினைப்பவர்களும் உண்டு. அது அழுத்தத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். திருப்பும் வேலை அப்போதும் மிச்சம் இருக்கும்.

டியூபும் பையும்: எங்கே தவறு நடக்கிறது?

விழுங்க முடியாதவர்களுக்கு மூக்கு வழியாக இரைப்பைக்குள் போடப்படும் குழாய்க்குப் பெயர் ரைல்ஸ் டியூப். இதில் மிகப் பெரிய ஆபத்து, உணவு நுரையீரலுக்குள் போவது. டியூப் கொஞ்சம் வெளியே வந்து இடம் மாறியிருக்கலாம். நோயாளி மட்டமாகப் படுத்திருந்தால் இரைப்பையிலிருந்து கஞ்சி மேலே ஏறி மூச்சுக்குழாயில் இறங்கலாம். விளைவு நிமோனியா.

அதனால்தான் ஒவ்வொரு முறையும் டியூப் சரியான இடத்தில் இருக்கிறதா என்று நர்ஸ் பார்க்க வேண்டும். தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி வரை உயர்த்த வேண்டும். சிரிஞ்சை அழுத்தித் தள்ளாமல், உயரத்தில் பிடித்துத் தானாக இறங்க விட வேண்டும். முடிந்ததும் கொஞ்சம் தண்ணீர் விட வேண்டும், இல்லையென்றால் டியூப் அடைத்துக்கொள்ளும். அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை அதே சாய்ந்த நிலையில் வைத்திருக்க வேண்டும். நடுவில் இருமினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே நிறுத்த வேண்டும். டியூப் உருவி வந்துவிட்டால் அட்டெண்டரே திரும்பச் சொருகக்கூடாது.

நள்ளிரவில் தூக்கக் கலக்கத்தோடு, பக்கத்தில் இருப்பவரை எழுப்பிவிடக்கூடாதே என்று கட்டிலை உயர்த்தாமல் ஊற்றிவிடும் ஒரு டம்ளர் பால் எவ்வளவு ஆபத்து என்று அந்தப் பெண்ணுக்கு யார் சொல்வார்கள்?

சிறுநீர்ப் பையும் இதே கதை. பை எப்போதும் இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும், ஆனால் தரையைத் தொடக்கூடாது. ஸ்கேனுக்கு ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது பையைத் தூக்கி நோயாளியின் வயிற்றின் மேல் வைப்பது எல்லோரும் செய்வது. பையிலிருக்கும் சிறுநீர் திரும்பச் சிறுநீர்ப்பைக்குள் ஓடும், கிருமியும் கூடவே போகும். மருத்துவமனையில் தொற்றிக்கொள்ளும் நோய்களில் சிறுநீர்த் தொற்றுக்கு முக்கிய இடம் உண்டு.

டிரிப்ஸைச் சீக்கிரம் முடிக்க வேகமாகத் திருகிவிடுவது இன்னொரு பழக்கம். இதயமோ சிறுநீரகமோ பலவீனமாக இருப்பவருக்கு அந்த வேகம் நுரையீரலில் நீர் கோக்க வைத்துவிடலாம்.

யாரும் எண்ணாத மூச்சு

நாடி நிமிடத்துக்கு 60 முதல் 100. மூச்சு 12 முதல் 20. உடல் வெப்பம் 98.6 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டி. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பொதுவாக 95 சதவீதத்துக்கு மேல். பெரியவர்களுக்கான இந்த எண்களைக் கொரோனா காலத்துக்குப் பிறகு பொதுமக்களே ஓரளவு தெரிந்துவைத்திருக்கிறார்கள்.

இவற்றில் அதிகம் புறக்கணிக்கப்படுவது மூச்சு. மற்றதை அளக்கக் கருவி இருக்கிறது. மூச்சை மட்டும் ஒரு முழு நிமிடம் பக்கத்தில் நின்று, மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்து எண்ண வேண்டும். ஆனால் நோயாளி மோசமாகப் போகிறார் என்பதை முன்கூட்டியே சொல்லும் அறிகுறிகளில் முக்கியமானது அதுதான். பிரிட்டனில் 2012-ல் கொண்டுவரப்பட்ட முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையில், மூச்சு எண்ணிக்கை 25-ஐத் தொட்டாலே அந்த ஒரு அளவுக்கு மட்டும் அதிகபட்சமான 3 மதிப்பெண் போடப்படுகிறது. அது உடனடியாகக் கவனிக்க வேண்டிய நிலை.

உடம்பு துடைப்பதும் திருப்பிப் படுக்க வைப்பதும் இதோடு சேர்ந்த வேலைதான். பயிற்சி பெற்ற நர்ஸ் ஒருவர் துடைக்கும்போது தோலைப் பார்க்கிறார், மூச்சைக் கவனிக்கிறார், நேற்று பேசியவர் இன்று குழறுகிறாரா என்று கேட்கிறார், கால் வீங்கியிருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறார். அந்த வேலை அட்டெண்டர் கைக்குப் போகும்போது, நோயாளியை அருகில் நின்று கவனிக்கும் ஐந்து நிமிடமும் நர்ஸிடமிருந்து போய்விடுகிறது.

சரி, நர்ஸ்கள் ஏன் இதைச் செய்வதில்லை?

'சிஸ்டர் கண்டுக்கவே மாட்டேங்கறாங்க' என்ற புகார் எல்லா மருத்துவமனையிலும் உண்டு. ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் அந்தக் கோபம் யார் மேல் திரும்ப வேண்டும் என்று புரியும்.

உதாரணத்துக்கு, 40 படுக்கை உள்ள ஒரு வார்டு, இரவில் இரண்டு நர்ஸ்கள் என்று வைத்துக்கொள்வோம். தானாகப் புரள முடியாத நோயாளிகள் 10 பேர். ஒருவரைச் சரியாகத் திருப்பி, தோலைப் பார்த்து, விரிப்பைச் சுருக்கம் எடுத்துவிட இரண்டு பேருக்கு 5 நிமிடம். பத்துப் பேருக்கு 50 நிமிடம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால், ஒவ்வொரு 120 நிமிடத்திலும் 50 நிமிடம் இதற்கே போய்விடும். மிச்சம் இருக்கும் 70 நிமிடத்தில் இரண்டு பேரும் சேர்ந்து 40 பேரையும் பார்க்க வேண்டும். ஆளுக்கு மூன்றரை நிமிடம். அதற்குள் ஊசி, மருந்து, டிரிப்ஸ், ரத்த அழுத்தம், பதிவேடு, புதிய அட்மிஷன் எல்லாம் அடக்கம். ஒருவருக்குத் திடீரென்று மூச்சு நின்றால் மொத்தக் கணக்கும் சரிந்துவிடும்.

விதிமுறை என்ன சொல்கிறது? இந்திய நர்சிங் கவுன்சிலின் பழைய அளவுகோல்படி, மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் பொது வார்டில் 3 படுக்கைக்கு ஒரு செவிலியர், மற்ற மருத்துவமனைகளில் 5 படுக்கைக்கு ஒருவர். விடுப்பில் போகிறவர்களுக்காக 30 சதவீதம் கூடுதலாக வைத்திருக்க வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 'மூன்றுக்கு ஒன்று' என்பது மூன்று ஷிப்டுக்கும் சேர்த்த கணக்கு. பிரித்தால் ஒரு ஷிப்டில் ஒன்பது பேருக்கு ஒருவர். விதியை அப்படியே பின்பற்றினால்கூட இதுதான் நிலைமை.

எண்ணிக்கை குறையும்போது எந்த வேலை முதலில் கழன்றுவிழும்? மருந்து கொடுக்கவில்லை என்றால் பதிவேட்டில் தெரிந்துவிடும், கேள்வி வரும். திருப்பிப் படுக்க வைக்கவில்லை, வாய் சுத்தம் செய்யவில்லை என்றால் அன்றைக்கு யாருக்கும் தெரியாது. எனவே எது கண்ணுக்குத் தெரியாதோ அது விடுபடும். நர்சிங் ஆய்வுகளில் இதற்கு 'விடுபட்ட பராமரிப்பு' என்றே ஒரு தனித் தலைப்பு இருக்கிறது.

தமிழ்நாட்டில் நடந்தது என்ன?

அரசு மருத்துவமனைகளுக்கு ஆள் எடுக்க மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், அதாவது எம்.ஆர்.பி., 2012-ல் தொடங்கப்பட்டது. 2015-ல் அது நடத்திய தேர்வின் மூலம் ஆயிரக்கணக்கான செவிலியர்கள் தொகுப்பூதியத்தில் சேர்க்கப்பட்டார்கள். மாதச் சம்பளம் 7,700 ரூபாய். இரண்டு ஆண்டுகளில் பணி நிரந்தரம் என்பது அவர்களின் எதிர்பார்ப்பு.

இரண்டு ஆண்டு முடிந்தும் பெரும்பாலானோருக்கு அது நடக்கவில்லை. 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கான செவிலியர்கள் உட்கார்ந்தார்கள். விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. பிறகு தொகுப்பூதியம் 14,000, 18,000 என்று உயர்ந்தது. பணி நிரந்தரமோ காலியிடத்தைப் பொறுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக.

கொரோனா அலையில் அவசரமாக எடுக்கப்பட்டவர்களின் கதை தனி. கவச உடை போட்டுக்கொண்டு வேலை பார்த்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஒப்பந்தச் செவிலியர்களின் பணி 2022 டிசம்பர் 31-உடன் நீட்டிக்கப்படவில்லை. மறுநாளே போராட்டம் வெடித்தது.

தனியார் பக்கமும் நிலைமை பெரிதாக வேறில்லை. உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் உத்தரவிட்டதன் பேரில் அமைக்கப்பட்ட மத்தியக் குழு, 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனைகள் அரசு நர்ஸுக்கு இணையான சம்பளம் தர வேண்டும், 50 படுக்கைக்குக் கீழே இருந்தாலும் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று பரிந்துரைத்தது. பரிந்துரை என்பதால் அமல்படுத்துவது மாநிலங்களின் கையில் விடப்பட்டது. அனுபவம் கிடைத்ததும் வளைகுடாவுக்கும் பிரிட்டனுக்கும் விமானம் ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எண்ணிக்கைக்கும் உயிருக்கும் நேரடித் தொடர்பு உண்டா?

உண்டு. 2014-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஒரு பெரிய ஆய்வு, ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் 300 மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை எடுத்துப் பார்த்தது. ஒரு நர்ஸ் கவனிக்கும் நோயாளிகளின் எண்ணிக்கையில் ஒன்று கூடினால், 30 நாட்களுக்குள் மரணம் நேரும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்பது அதில் தெரிந்தது. லிண்டா ஐக்கன் தலைமையிலான குழு 2002-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் செய்த ஆய்விலும் இதே 7 சதவீதம்தான் வந்தது.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாகாணம் இதைச் சட்டமாகவே ஆக்கியிருக்கிறது. 1999-ல் சட்டம் நிறைவேறி, 2004-ல் அமலுக்கு வந்தது. பொது மருத்துவ, அறுவை சிகிச்சை வார்டுகளில் ஒரு நர்ஸுக்கு எந்த நேரத்திலும் 5 நோயாளிகளுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இப்போதைய கணக்கு. நம் நாட்டில் 1947-ம் ஆண்டின் நர்சிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக 2023-ல் தேசிய நர்சிங் மற்றும் மகப்பேறு உதவியாளர் ஆணையச் சட்டம் வந்தது. கல்வியையும் தொழில் தரத்தையும் அது பேசுகிறது. ஒரு ஷிப்டில் ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளி என்பதற்கு அதில் வரம்பு இல்லை.

சொந்தக்காரர்கள் பக்கத்தில் இருப்பது தவறா?

இல்லவே இல்லை. திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு நிற்கவில்லை. நான்காவதாக, பக்கத்தில் இருந்து மருந்து கொடுப்பவரையும் சேர்த்து நான்கும் கூடினால்தான் மருத்துவம் என்கிறது. உரை எழுதிய பரிமேலழகர், அந்த நான்காவது ஆளைப் 'பிழையாமல்' செய்பவர் என்று விளக்குகிறார். அதாவது பக்கத்தில் இருந்தால் மட்டும் போதாது, தப்பில்லாமல் செய்யவும் தெரிந்திருக்க வேண்டும். 'செவிலி' என்ற சொல்லே சங்க இலக்கியத்தில் வளர்ப்புத் தாயைக் குறித்ததுதான்.

கேள்வி வேறு. துணைக்கு வந்தவரை இலவச ஊழியராக்குவது சரியா? கூலி வேலைக்குப் போகும் குடும்பத்தில் ஒருவர் பத்து நாள் வார்டில் இருந்தால் பத்து நாள் வருமானம் போகிறது. பெரும்பாலும் அது ஒரு பெண்ணாகத்தான் இருக்கும். அவருக்குப் படுக்க இடம் கிடையாது, குளிக்க வசதி குறைவு, முதுகு போய்விடும். அட்டெண்டரே இல்லாத நோயாளி, அதாவது தனியாக வந்து சேர்ந்த முதியவர், இன்னும் மோசமான நிலையில் கிடப்பார்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. தென் கொரியாவிலும் நம்மைப் போலவே குடும்பத்தினர் வார்டில் தங்கிப் பார்த்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. 2015-ல் அங்கே மெர்ஸ் வைரஸ் பரவியபோது தொற்றிய 186 பேரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் நோயாளிகளின் குடும்பத்தினரும் பார்க்க வந்தவர்களும்தான். அட்டெண்டர் இல்லாமல் செவிலியர் குழுவே முழுப் பராமரிப்பையும் பார்த்துக்கொள்ளும் திட்டம் அதற்கு முன்பே அங்கே சோதனை முறையில் இருந்தது. மெர்ஸுக்குப் பிறகு அதை அந்த நாடு வேகமாக விரிவாக்கியது.

டிஸ்சார்ஜ் ஆன பிறகு?

கதை வார்டோடு முடிவதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதே தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 சதவீதம். நாட்டின் சராசரியோ 8.6. அதற்குப் பிறகு நாம் இன்னும் மூத்திருக்கிறோம். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, ஊரில் படுத்த படுக்கையாக இருக்கும் அப்பாவைப் பார்த்துக்கொள்வது 65 வயது அம்மா.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைக்காகத்தான் பலருக்குத் தெரியும். அதில் வீட்டுக்கே வந்து செய்யும் வலி நிவாரணப் பராமரிப்பும், இயன்முறை சிகிச்சையும் இருக்கின்றன. படுக்கையில் இருப்பவர் வீட்டில் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். பக்கத்து மாநிலமான கேரளம் 2008-லேயே இதற்கென்று தனிக் கொள்கை அறிவித்து, உள்ளாட்சி அமைப்புகள் மூலம் வீடு தேடிச் செல்லும் செவிலியர்களை நியமித்தது.

காசு இருப்பவர்கள் 'ஹோம் நர்ஸ்' வைக்கிறார்கள். அங்கேயும் ஒரு எச்சரிக்கை தேவை. ஏஜென்சி அனுப்பும் எல்லோரும் நர்சிங் படித்தவர்கள் அல்ல. செவிலியர் என்றால் மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு எண் இருக்கும். கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

அட்டெண்டர் கேட்க வேண்டியவை என்ன?

செவிலியர் காலியிடங்களை நிரப்புவதற்கு மாற்று எதுவும் இல்லை. ஆனால் அதுவரை நோயாளி காத்திருக்க முடியாது. பெங்களூருவில் தொடங்கிய நூரா ஹெல்த் என்ற அமைப்பு, அரசு மருத்துவமனைகளின் நர்ஸ்களைக் கொண்டே வார்டில் இருக்கும் குடும்பத்தினருக்கு வகுப்பு எடுக்க வைக்கிறது. இது நடக்கக்கூடிய காரியம்தான் என்பதற்கு அது ஓர் உதாரணம். அப்படி வகுப்பு இல்லாத இடத்தில், வார்டில் இருக்கும் காலத்திலேயே நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை:

• இவரை எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை, எந்தெந்தப் பக்கம் திருப்ப வேண்டும்? ஒருமுறை செய்து காட்டுங்கள், பிறகு நான் செய்வதைப் பாருங்கள்.

• வாய் வழியாகத் தண்ணீர் கொடுக்கலாமா? விழுங்குகிறாரா என்று சோதித்தீர்களா? பக்கவாத நோயாளிக்கு ஸ்பூனில் தண்ணீர் விடும் முன் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

• டியூபில் என்ன, எவ்வளவு, எத்தனை முறை? டியூபின் எந்த அடையாளம் மூக்கருகில் இருக்க வேண்டும்? அது நகர்ந்தால் யாரிடம் சொல்வது?

• சிறுநீர்க் குழாய் இன்னும் தேவையா? எப்போது எடுப்பீர்கள்? தேவையில்லாமல் ஒரு நாள் கூடுதலாக இருந்தாலும் தொற்று வாய்ப்பு கூடும்.

• என்ன அறிகுறி வந்தால் உடனே கூப்பிட வேண்டும்? மூச்சு வேகமாவது, திடீர்க் குழப்பம், சிறுநீர் குறைவது, வாய் கோணுவது ஆகியவற்றுக்குக் காத்திருக்கவே கூடாது.

• டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரையோடு பராமரிப்பையும் எழுதித் தருவீர்களா?

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. நோயாளியைத் தொடும் முன்னும் தொட்ட பின்னும் கை கழுவுவது. சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி, கிருமிநாசினி என்றால் 20 முதல் 30 விநாடி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பக்கத்துக் கட்டில் நோயாளிக்கு உதவிவிட்டு அப்படியே நம் நோயாளியைத் தொடுவது அன்பான செயல்தான். கிருமி பரவவும் அதுவே வழி.

அடுத்த முறை செவிலியர்கள் சாலையில் உட்காரும்போது, போக்குவரத்து எத்தனை மணி நேரம் நின்றது என்று செய்தி வரும். அவர்கள் கேட்கும் பணியிடங்கள் நிரப்பப்படாவிட்டால், அன்றிரவும் கட்டிலுக்கு அடியில் பாயில் படுத்திருக்கும் ஒரு பெண்தான் இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, தனியாக, தன் அப்பாவைக் கக்கத்தில் கைவிட்டு இழுத்துத் திருப்பிக்கொண்டிருப்பார்.